ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் தொலைத்தேன்

பத்து ஆண்டுப் படங்களை ஒரே ஒரு என்டரில் அழித்தவன் நான். அழிந்த கதையைச் சொல்வதில் இப்போது எனக்குக் கூச்சமில்லை. அதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒத்திகை ஓட்டிப் பார்த்திருந்தேன் என்று சொல்லும்போதுதான் இன்றும் நாக்கு இழுக்கிறது. எதெல்லாம் போகப்போகிறது என்று திரையில் வரிவரியாக எழுதிக் காட்டியிருந்தது. நான் படிக்கவில்லை.

ஆர்சிங்க் என்பது இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு, வேறுபடுவதை மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகும் கமாண்ட் லைன் நிரல், அதாவது ஆணைகளை எழுத்தாகத் தட்டி ஓட்டுவது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது. அதில் 'ஹைஃபன் என்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு, முழுப்பெயர் டிரை-ரன். அதைச் சேர்த்தால் எதையும் எழுதாது, அழிக்காது. நிஜமாக ஓட்டினால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். நான் அதை ஒத்திகை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஆப்ஷன்களையும் ஃபோனில் நண்பருக்குச் சொல்வதுபோல உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். இந்தக் கருவியைத் தொட்டவர்களுக்குப் புரிந்துவிடும்.

நடந்தது இதுதான். லேப்டாப்பில் இடம் போதாமல், 2009 முதல் 2018 வரையிலான படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு, லேப்டாப்பில் 2019க்குப் பிறகானவற்றை மட்டும் வைத்திருந்தேன். டிஸ்க்கில் எல்லா ஆண்டுகளும் இருந்தன. ஒருநாள் லேப்டாப்பில் உட்கார்ந்து மங்கலான படங்கள், ஒரே காட்சியின் நாலைந்து நகல்கள் என்று நிறையக் கழித்துக் கட்டினேன். அந்தக் கழிவு டிஸ்க்கிலும் போகட்டுமே என்று வழக்கமான ஆணையோடு டிலீட் ஆப்ஷனைச் சேர்த்தேன். மூலத்தில் இல்லாத எதையும் இலக்கில் விட்டுவைக்காதே என்பது அதன் பொருள். பத்து ஆண்டு ஃபோல்டர்களும் மூலத்தில் இல்லை என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

டிலீட் ஆபத்தானது என்று தெரியும் என்பதால் முதலில் ஒத்திகை. ஆயிரக்கணக்கான வரிகள் சரசரவென்று ஓடி நின்றன. கடைசி இருபது முப்பது வரிகளைப் பார்த்தேன். எல்லாம் போன மாதப் படங்கள், டிஸ்க்குக்குப் போகவேண்டியவைதான். சரி என்று மேல் அம்பை அழுத்தி, பழைய ஆணையை வரவழைத்து, என்-ஐ எடுத்துவிட்டு என்டர் தட்டினேன்.

அழிக்கப்போகும் வரிகள் எங்கே இருந்தன என்றால், பட்டியலின் தலையில். ஆர்சிங்க் ஒவ்வொரு ஃபோல்டரையும் எட்டும்போது முதலில் அங்கே மிகையாக இருப்பவற்றை நீக்கிவிட்டு, அப்புறம்தான் அதற்குள் நகலெடுக்கும். 2009, 2010 எல்லாம் மேல்மட்ட ஃபோல்டர்கள். ஆகவே அவற்றின் நீக்கமே முதலில் அச்சாகும். என் டெர்மினல், அதாவது ஆணை தட்டும் திரை, சில ஆயிரம் வரிகளுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ளாது. நான் மேலே உருட்டிப் பார்த்திருந்தால்கூட அந்த வரிகள் தென்பட்டிருக்காது. ஒத்திகை என்று நான் பார்த்தது நாடகத்தின் கடைசிக் காட்சியை மட்டும்.

இந்த வரிசை நிஜ ஓட்டத்தில் இன்னொரு வினையையும் செய்தது. முதலில் அழிப்பு, பிறகு அந்தக் காலியான இடத்திலேயே புதிய படங்கள். உடனே டிஸ்க்கைக் கழற்றி, ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியைப் போட்டுத் தோண்டினேன். கணிசமாகக் கிடைத்தது, ஆனால் அந்தக் கருவி கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடுவது, பழைய பெயரும் ஃபோல்டரும் அதற்குத் தெரியாது. எண்களைப் பெயராகச் சுமந்துகொண்டு வந்த பல்லாயிரம் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்க எத்தனையோ மாலைகள் போயின. வீடியோக்களில் பாதிக்குமேல் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு செய்த முதல் மாற்றம் கருவியிலே இல்லை, காகிதத்தில். ஒத்திகை ஓட்டுவதற்கு முன் ஒரு துண்டுச்சீட்டில் மூன்று எண்கள் எழுதுவேன்: புதிதாகப் போகவேண்டியவை ஏறக்குறைய எத்தனை, மாறியவை எத்தனை, அழியவேண்டியவை எத்தனை. 'சுமார் 300, பத்துக்குள், 40' என்கிற அளவில் இருந்தால் போதும். எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் பட்டியலைப் பார்க்கிறவனுக்கு எந்தப் பட்டியலும் சரியாகவே தோன்றும், எனக்குத் தோன்றிற்றே. எண்ணை எழுதி வைத்துவிட்டால் பத்தாயிரம் என்று வரும்போது கண் தானாக நிற்கிறது.

எண்களை எடுக்க ஸ்டாட்ஸ் ஆப்ஷன் இருக்கிறது. ஒத்திகையோடு அதைச் சேர்த்தால் இறுதியில் மொத்தக் கோப்புகள், உருவாக்கப்படுபவை, நீக்கப்படுபவை, மாற்றப்படுபவை, அவற்றின் மொத்த அளவு என்று தனித்தனியே சொல்லும். நீக்கப்படுபவற்றின் எண்ணிக்கை 3.1.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. மிகப் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். கடைசி வரியின் வால்பகுதியில் டிரை ரன் என்று பெரிய எழுத்துகளில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இல்லையென்றால் ஓடியது ஒத்திகையே இல்லை.

அப்படியும் நடக்குமா என்று கேட்கலாம். நடக்கும். குறுகிய ஆப்ஷன்களை ஒட்டி எழுதும் பழக்கம் பலருக்கும் உண்டு: ஏ, வி, என் மூன்றையும் சேர்த்து ஒரே கொத்து. ஆனால் 'ஈ' என்ற ஆப்ஷன், தொலைவிலுள்ள கணினியோடு பேச எந்த நிரலை, அதாவது ரிமோட் ஷெல்லை, பயன்படுத்துவது என்று ஒரு மதிப்பை எதிர்பார்க்கும். தனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதையே அந்த மதிப்பாக எடுத்துக்கொள்ளும். ஏ, ஈ, என் என்று ஒட்டி எழுதினால், 'என்' ஆப்ஷனாக இராமல் ஒரு ஷெல்லின் பெயராகிவிடும். ஒரே கணினிக்குள் நகலெடுக்கும்போது ரிமோட் ஷெல் தேவையே இல்லை என்பதால் எந்தப் புகாரும் வராது; நிஜ ஓட்டம் ஓடிவிடும். இதனால் என்னை யாரும் பயமுறுத்தாமலேயே டிரை-ரன் என்று முழுப்பெயரைத் தனியாக எழுதத் தொடங்கிவிட்டேன். விரலுக்குக் கொஞ்சம் வேலை, அவ்வளவுதான்.

அடுத்தது, என்ன போகிறது என்பதோடு ஏன் போகிறது என்பதையும் சொல்ல வைப்பது. வெர்போஸ், அதாவது விரிவாகச் சொல் என்ற ஆப்ஷன், மட்டும் போட்டால் பெயர்கள் வரும், காரணம் வராது. 'ஹைஃபன் ஐ', அதாவது ஐட்டமைஸ்-சேஞ்சஸ் போட்டால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பதினொரு எழுத்து கொண்ட ஒரு சரம் வரும். முதல் பார்வையில் பூனை கீபோர்டில் நடந்தது போல இருக்கும். பழகிவிட்டால் இதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

முதல் இடம் என்ன செய்யப்போகிறது என்பது. வலப்பக்கம் பார்க்கும் கோணக்குறி என்றால் கோப்பு இந்தப் பக்கம் வருகிறது. இடப்பக்கம் பார்த்தால் தொலைவிலுள்ள கணினிக்குப் போகிறது. ஒரே கணினியில் இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையே என்றால் எப்போதும் வலப்பக்கக் கோணம்தான். 'சி' என்றால் உள்ளூரிலேயே உருவாக்கப்படுவது, பெரும்பாலும் புதிய ஃபோல்டர். புள்ளி என்றால் உள்ளடக்கம் போகாது, பண்புகள் மட்டும் மாறலாம். நட்சத்திரம் வந்தால் நிறுத்திப் படியுங்கள். நீக்கம் அந்த உருவில்தான் வரும், பக்கத்திலேயே டிலீட்டிங் என்று சொல்லும்.

இரண்டாம் இடம் என்ன வகை: எஃப் என்றால் கோப்பு, டைரக்டரியின் டி என்றால் ஃபோல்டர், பெரிய எல் என்றால் வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க். மீதி ஒன்பது இடங்களும் காரணங்கள். அனைத்தும் கூட்டல் குறியாக இருந்தால் அது புத்தம்புதிது. இல்லாவிட்டால் எஸ் அளவு மாறியதைச் சொல்லும், டைமின் டி மாற்றிய நேரத்தை, பி பெர்மிஷனை, ஓ உரிமையாளரை, ஜி குழுவை. வேறுபடாத இடத்தில் புள்ளி. முன்வரும் சி செக்சம், அதாவது உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் எண். செக்சம் ஆப்ஷன் போட்டால்தான் சாதாரணக் கோப்புகளுக்கு அதில் அர்த்தம்.

இந்த எழுத்துகளை ஒவ்வொரு கோப்பாகப் படிப்பதைவிட, பட்டியல் முழுதும் எந்த உருவம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதில்தான் பலன் அதிகம். ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாறியபோது ஒத்திகையில் எல்லாக் கோப்புகளும் மறுபடி போவதாகக் காட்டியது. சரத்தில் நேரத்துக்கான டி மட்டும், மற்றதெல்லாம் புள்ளி. அளவில் வேறுபாடே இல்லை. அப்போதுதான் உறைத்தது: முதல் நகலை நான் ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டு எடுத்திருந்தேன், அது நேரத்தைக் காப்பாற்றவில்லை. ஆர்சிங்க் இயல்பாக அளவும் மாற்றிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அனுப்பத் தீர்மானித்துவிடும். டிரிட்ஜெல் தன் ஆய்வேட்டில் விவரித்த புகழ்பெற்ற அல்காரிதம், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் அந்த வித்தை, வலையமைப்பு வழியே போகும்போதுதான் கைகொடுக்கும். ஒரே கணினியின் இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையே என்றால் ஆர்சிங்க் அதைத் தானாகவே கைவிட்டு முழுக் கோப்பையும் நகலெடுக்கும். ஆக, அந்த ஒற்றை டி எழுத்துக்கு விலை ஒரு முழு இரவு. அளவை மட்டும் ஒப்பிடும் சைஸ்-ஒன்லி ஆப்ஷனை, நேரத்தைக் காக்கும் டைம்ஸோடு சேர்த்து ஒரே ஒருமுறை ஓட்டினேன். சரம் புள்ளியில் தொடங்கியது, உள்ளடக்கம் போகாமல் நேரம் மட்டும் திருத்தப்பட்டது, சில நிமிடங்களில் முடிந்தது. அளவு அப்படியே இருந்து உள்ளே மாறிய கோப்பு ஏதாவது இருந்தால் இந்தக் குறுக்குவழி அதைத் தவறவிடும் என்பதால் இதை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை.

பென் டிரைவ்களில் வேறொரு உருவம் வரும். எஃப்ஏடி32 பார்மட், மாற்றிய நேரத்தை இரண்டு வினாடித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஒற்றைப்படை வினாடியில் சேமித்த கோப்பு ஒவ்வொரு முறையும் மாறியதாகவே தோன்றும். எத்தனை வினாடி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மாடிஃபை-விண்டோ மதிப்பை 1 என்று கொடுத்தால் அந்தத் தொல்லை நிற்கும். அதேபோல இத்தகைய டிரைவ்களில் லினக்ஸ் பெர்மிஷனும் உரிமையாளரும் தங்காது. எல்லாப் பண்புகளையும் காக்க முயலும் ஆர்க்கைவ் ஆப்ஷனோடு (அந்த 'ஏ') போனால் பி, ஓ, ஜி எழுத்துகள் பட்டியல் முழுக்கக் கொட்டும், எத்தனை முறை ஓட்டினாலும் தீராது. உட்ஃபோல்டர்களுக்குள் போகும் ரிகர்சிவும் டைம்ஸும் போதும் அங்கே. இந்த இரைச்சலைக் குறைப்பது சோம்பேறித்தனம் கிடையாது. இரைச்சல் உள்ள ஒத்திகையை யாரும் படிக்கமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

ஸ்லாஷ் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் அதன் உள்ளிருப்பவை போகும். இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரே போகும். சாய்கோடு மறந்தால் படங்களுக்குள் இன்னொரு படங்கள் ஃபோல்டர் முளைக்கும். எரிச்சல்தான், இழப்பு இல்லை. இதற்கு நேர்மாறான பிழைதான் உயிரை எடுப்பது: சாய்கோட்டைப் போட்டுவிட்டு, இலக்காக பேக்கப் டிஸ்க்கின் வேரையே கொடுத்து, கூடவே டிலீட்டும் சேர்த்தால், டிஸ்க்கில் உள்ள ஆவணங்கள், இசை என அனைத்தும் மிகைகளாகக் கருதப்பட்டுக் காலியாகும். ஒத்திகையில் இதைப் பார்க்க முதல் சில வரிகளே போதும். பாதை ஃபோல்டரின் பெயரில் தொடங்குகிறதா, நேரே உள்ளிருக்கும் பெயரில் தொடங்குகிறதா என்பதே விடை. அதனால் வெளியீட்டை எப்போதும் ஒரு கோப்பில் சேமித்து, லெஸ் என்ற படிக்கும் நிரலில் திறந்து, தலையிலிருந்து படிக்கிறேன். டெர்மினலின் ஞாபகசக்தியை நம்புவதில்லை.

இதுவரை சொன்னது பட்டியலில் இருப்பதைப் பற்றி. பட்டியலில் இல்லாததைக் கவனிப்பது இதைவிடக் கஷ்டம், எனக்கு அதில் அடிபட்டு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. சிலவற்றை நகலெடுக்காமல் விலக்கும் எக்ஸ்க்ளூட் ஆப்ஷனில் 'தற்காலிகம்' என்று ஒரு பெயரைக் கொடுத்திருந்தேன். மேல்மட்டத்தில் குப்பை போடும் ஃபோல்டர் அது. ஆனால் முன்னால் சாய்கோடு இல்லாத பெயர் எந்த ஆழத்தில் இருந்தாலும் பொருந்தும். ஒரு வேலைத்திட்டத்தின் உள்ளே நாலாவது மட்டத்தில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. இறுதி வடிவக் கோப்புகளை யாரோ அதில்தான் வைத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். அத்தனை மாதங்களும் அது பேக்கப்புக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு ஒத்திகையையும் படித்தேன். இல்லாத வரியை எப்படிப் படிப்பது?

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, வெர்போஸை இரண்டு முறை கொடுப்பது, அல்லது டிபக் ஆப்ஷனில் ஃபில்டர் என்று கேட்பது. எந்தக் கோப்பை எந்த விதியால் மறைத்தேன் என்று வரிக்கு வரி சொல்லும். அந்த வரிகளை மட்டும் கிரெப் என்ற தேடும் ஆணையால் எடுத்தால் விதி எங்கெங்கே வலை வீசியிருக்கிறது என்று தெரியும். இன்னொன்று வெறும் கணக்கு. மூலத்தில் ஃபைண்ட் ஆணையைப் போட்டுச் சாதாரணக் கோப்புகள் எத்தனை என்று எண்ணுவேன். ஸ்டாட்ஸ் சொல்லும் கோப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவேன். இடையில் உள்ள வேறுபாடு விலக்கப்பட்டவை. அந்த எண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் விதியில் ஓட்டை. திருத்தம் எளிது: பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு. அது கணினியின் வேரைக் குறிக்காது, நகலெடுக்கும் இடத்தின் வேரைக் குறிக்கும். இதில் முதலில் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை.

விதிகளின் வரிசையும் முக்கியம். முதலில் பொருந்துகிற விதியே வெல்லும். ஜேபெக் மட்டும் போதும் என்று ஜேபெக்கை இன்க்ளூட் செய்து மீதியை எக்ஸ்க்ளூட் செய்தால், ஒத்திகையில் மேல்மட்டப் படங்கள் மட்டும் வரும், உள்ளே ஒன்றும் வராது. ஃபோல்டர்களும் அந்த 'மீதி'யில் அடங்கிவிடுவதால் ஆர்சிங்க் உள்ளே நுழைவதே இல்லை. எல்லா ஃபோல்டர்களையும் அனுமதிக்கும் விதியை முதலில் வைக்க வேண்டும், அதனால் வரும் வெற்று ஃபோல்டர்களைத் தவிர்க்க ஹைஃபன் எம். இன்னொரு சேதி: விலக்கிய கோப்புகள் இலக்கில் ஏற்கெனவே இருந்தால் டிலீட் அவற்றைத் தொடாது. டிலீட்-எக்ஸ்க்ளூடட் என்று தனியாகக் கேட்டால்தான் தொடும். அந்தப் பெயரை ஆணையில் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு வேடிக்கை உண்டு. லினக்ஸிலிருந்து பழைய மேக் ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, மூலத்தில் இருக்கும் பெயரே ஒத்திகையில் இலக்கிலிருந்து நீக்கம் என்று வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எல்லாப் பெயர்களுக்கும் அப்படி இல்லை. 'கடல்' ஒழுங்காக இருந்தது, 'கோடை'யும் 'கொடி'யும் மட்டும் தகராறு. ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. பழைய மேக் டிஸ்க்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் பார்மட் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். ஆர்சிங்க் பைட்டுகளை ஒப்பிடுகிறது, அதற்கு இவை வெவ்வேறு பெயர்கள். மேக்கிலிருந்து ஓட்டும்போது பெயர்களின் எழுத்து வடிவை மாற்றித்தரும் ஐகான்வ் ஆப்ஷனில் உள்ளூர் வடிவம் யூடிஎஃப்-8-மேக், எதிர்ப்பக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் சண்டை தீரும். ஒத்திகை பார்க்காமல் டிலீட்டோடு ஓட்டியிருந்தால் ஒவ்வொரு நாளும் கொம்புக்காரக் கோப்புகளை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது.

குறித்த நேரத்தில் ஆணைகளைத் தானே ஓட்டும் கிரான் மூலம் ஓடும்போது மொழி அமைப்பு இல்லாததால் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் எண்குவியலாக வரும். 'க' என்ற ஒற்றை எழுத்து \#340\#256\#225 என்று நிற்கும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை; ஹைஃபன் எட்டு என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் எழுத்தாகவே வரும். படிக்க முடியாத பட்டியலால் பயன் என்ன என்று அதை எப்போதும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒத்திகை சொல்லாதவையும் உண்டு. அது எழுதிப் பார்ப்பதில்லை, ஆகவே எழுதும்போது மட்டும் தலைகாட்டும் சிக்கல் எதுவும் அதற்குத் தெரியாது. இலக்கில் இடம் போதுமா என்று பார்க்காது. ஸ்டாட்ஸ் தரும் மாற்ற அளவை டிஎஃப் காட்டும் காலி இடத்தோடு நாமே ஒப்பிட வேண்டும். எஃப்ஏடி32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது என்பதைச் சொல்லாது. பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் அந்த பார்மட் ஏற்காது என்பதையும் சொல்லாது. பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத டிஸ்க்கில், எழுத்தளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒத்திகையில் இரண்டும் சமர்த்தாக வரிசையில் நிற்கும். அப்புறம், ஒத்திகைக்கும் அரங்கேற்றத்துக்கும் இடையில் நேரம் ஓடுகிறது. காலையில் பார்த்துவிட்டு மாலையில் ஓட்டினால் அது வேறு நாடகம்.

மற்ற கருவிகளுக்கும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. கிளவுடுக்கு நகலெடுக்கும் ஆர்குளோனிலும் டிரை-ரன்தான், அதில் காப்பி எதையும் அழிக்காது, சிங்க் அழிக்கும். அங்கே ஒரு கால் இடறல்: ஆர்சிங்க்கில் ஹைஃபன் ஐ காரணம் காட்டுவது, ஆர்குளோனில் அதே ஹைஃபன் ஐ ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் அனுமதி கேட்டு நிஜமாகச் செய்வது. கை பழக்கத்தில் மாறிவிடும். விண்டோஸின் ரோபோகாப்பியில் சாய்கோடு எல் போட்டால் பட்டியல் மட்டும். மூலத்தில் இல்லாததை இலக்கில் அழிக்கும் மிர் ஆப்ஷனோடு ஓட்டும் யாரும் முதலில் எல் போட்டுப் பார்க்காமல் இருக்கக்கூடாது. அதில் எக்ஸ்ட்ரா என்று குறிக்கப்படுபவைதான் அழியப்போகிறவை.

இப்போது கையால் ஆணை அடிப்பதை விட்டுவிட்டேன். ஒரு சிறிய ஸ்க்ரிப்ட் இருக்கிறது. அழைத்தால் எப்போதும் ஒத்திகையைத்தான் ஓட்டும். பட்டியலைத் தேதியிட்ட கோப்பில் சேமிக்கும். நட்சத்திர வரிகளைத் தனியே எடுத்து மேல்மட்ட ஃபோல்டர் வாரியாக எண்ணிக் காட்டும். பல்லாயிரம் வரிகள் ஐந்தாறு வரிகளாகச் சுருங்கிவிடும். தொடரவா என்று கேட்டு ஆம் என்பதை ஏற்காது. எத்தனை கோப்புகள் அழியும் என்ற எண்ணை நான் டைப் செய்தால்தான் நிஜ ஓட்டம். ஆம் என்பதை விரல் தூக்கத்தில்கூட அடித்துவிடும். எண்ணை அடிக்க அதைப் படித்தாக வேண்டும்.

நிஜ ஓட்டத்தில் மட்டும் இரண்டு காவல். மேக்ஸ்-டிலீட் ஆப்ஷனுக்கு அந்த எண்ணையே கொடுக்கிறேன். அதற்குமேல் அழிக்க வேண்டி வந்தால் அழிக்காமல் விட்டு, 25 என்ற பிழைக்குறியோடு முடியும். இதை ஒத்திகையிலும் சேர்த்துவிடாதீர்கள். அங்கேயும் அது எண்ணி நிறுத்திவிடும், பட்டியல் பாதியில் அறுந்து, ஆபத்து சின்னதாகத் தெரியும். நான் சேர்த்திருந்தேன், ஒரு வாரம். அடுத்தது பேக்கப்-டிர்: அழிக்கவேண்டியதையும் மேலெழுதவேண்டியதையும் வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தி வைக்கும். அந்த ஃபோல்டரை இலக்குக்கு உள்ளேயே வைத்தால் அடுத்த ஓட்டத்தில் டிலீட் அதையும் மிகையாகக் கருதிவிடும், ஆகவே அதற்கொரு எக்ஸ்க்ளூட் வேண்டும். அடுத்த ஒத்திகையிலேயே நட்சத்திர வரிகளில் இது தெரிந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஸ்க்ரிப்ட் நீக்கம் 18,000க்கு மேல் காட்டியது. துண்டுச்சீட்டில் நான் எழுதியிருந்தது 12. மூல டிஸ்க்கின் வயர் தளர்ந்து மவுண்ட் ஆகாமல், அதாவது கணினியோடு இணையாமல் இருந்தது. காலி ஃபோல்டர் ஒன்றைத்தான் ஆர்சிங்க் பார்த்துக்கொண்டிருந்தது. வயரைச் சொருகி மறுபடி ஓட்டினேன். 12 என்றது. 12 என்று அடித்தேன்.